கொல்லிமலை: 70 வளைவும் ஒரு பேரிங்கும்

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரம் வரைக்கும் சமதளம்தான். மரவள்ளித் தோட்டங்கள், சோளக் காடுகள், நடுநடுவே நீண்ட கூரை போட்ட கோழிப்பண்ணைகள். அடிவாரத்தைத் தாண்டியதும் சாலை மலைமேல் தாவுகிறது. அங்கிருந்து சோளக்காடு போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். சுற்றுலா வருபவர்கள் அந்த எண்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மலைக்காரர்கள் எண்ணுவதில்லை. அவர்களுக்கு அது சந்தைக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

மேலே போய்விட்டால் காற்றே வேறு. கடல்மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கும் மேலே உள்ள இந்த மலையை ஆண்டவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி. ஆடி மாதம் அவனுக்கு இங்கே விழா எடுக்கிறார்கள். இன்று இங்கே உழுகிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். பேச்சு தமிழ், குலம் இந்த மலை. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகு, அதன் நிழலில் காபி, சரிவில் அன்னாசி, வாழை, வீட்டோரம் பலா, மேட்டுக்காட்டில் சாமை, தினை, ராகி, வழித்த இடமெல்லாம் மரவள்ளி. ஒரே ஏக்கரில் நாலு வருமானம் பார்க்கிற மலை இது.

ஆனால் விளைந்தது காசாக வேண்டுமென்றால் கீழே இறங்கியாக வேண்டும். மரவள்ளி சேகோ ஆலைக்கு, அன்னாசியும் பலாவும் நாமக்கல், சேலம் சந்தைக்கு. ஒரு காலத்தில் தலைச்சுமையாக இறங்கியது எல்லாம் இப்போது குட்டி யானையில் இறங்குகிறது. செம்மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், நாலைந்து வீட்டுக்கு ஒருவர் அப்படி ஒரு வண்டி வைத்து, தன் விளைச்சலோடு அக்கம்பக்கத்து விளைச்சலையும் ஏற்றிப் போகிறார். அந்த வண்டி நின்றால் ஒருவருடைய பிழைப்பு மட்டும் நிற்பதில்லை.

சித்திரை பிறந்து, பலா இறங்கத் தொடங்கும் நேரத்தில் அப்படித்தான் ஒரு வண்டி நின்றது.

பெயின்ட் அடித்தாயிற்று, சக்கரத்தைப் பார்க்கவில்லை

சோளக்காட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு சிற்றூர்க்காரரின் வண்டி அது. வாங்கி 9 ஆண்டுகள். சரக்கு வண்டிக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி. வாங்க வேண்டும், 8 ஆண்டு கடந்துவிட்டால் ஆண்டுதோறும். இது இவருக்கு ஆண்டுதோறும் காட்ட வேண்டிய கணக்கில் வந்த முதல் முறை.

எஃப்.சி. என்றால் நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதையே இவரும் செய்திருந்தார். பெட்டிக்கு நீலப் பெயின்ட், பம்பருக்குக் கறுப்பு, சுற்றிலும் ஒளிரும் பட்டை, உடைந்த விளக்குக்குப் புதுக் கண்ணாடி, கண்ணாடியில் சாமி படம். காப்பீடு, புகைச் சான்று, வரி எல்லாம் கையில். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி போய் நின்றது.

மோட்டார் வாகன ஆய்வாளரை ஊரில் இன்னும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்கிறார்கள். அவர் பெயின்டைப் பார்க்கவில்லை. முன் இடது சக்கரத்தைத் தூக்கச் சொன்னார். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினார். சக்கரம் 'டொக் டொக்' என்று ஆடியது. "பேரிங் போச்சு. மாத்திட்டு வாங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

எழுதிக் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 56-ஆம் பிரிவில், சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பட்டறையில் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்ய வேண்டாம் என்பதற்கு அதுவே சாட்சி. இல்லாவிட்டால் பேரிங்குக்குப் போன வண்டிக்குப் பட்டையும் மாற்றி, பம்ப்பும் மாற்றிப் பில் வரும். அதே பிரிவின்படி, செல்லுபடியாகும் தகுதிச் சான்று இல்லாத சரக்கு வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்.

பக்கத்தில் நின்ற இன்னொரு வண்டிக்காரர் யோசனை சொன்னார். "எதுக்குங்கண்ணா செலவு? ஹப்பு மூடியைக் கழட்டி, நட்டை அரைத் திருகு இறுக்கிவிடுங்க. ஆட்டம் நின்னுடும். நாளைக்கே காட்டிட்டுப் போயிடலாம்."

இந்த யோசனை புதிதல்ல. தமிழ்நாட்டில் எந்த ஊரில் எஃப்.சி. காட்டுகிற இடத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் சொல்வார். ஆட்டம் நிற்கும் என்பது உண்மையும்கூட. அதனால்தான் அது ஆபத்து.

லாரி ஊரின் பட்டறை

நாமக்கல் நடுவில் ஒற்றைப் பாறை, அதன் தலையில் கோட்டை, கீழே 18 அடி ஆஞ்சநேயர். அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு முட்டையும் லாரியும்தான் முகவரி. சமையல் எரிவாயு டேங்கர் லாரிகளும் இந்த வட்டாரத்தாருக்கு நிறைய உண்டு. ஊரைவிட்டுக் கிளம்பும் எந்தச் சாலையைப் பிடித்தாலும் பாடி கட்டும் பட்டறை, பட்டை அடிக்கிற பட்டறை, டயர் ரீட்ரெடிங், லேத்து, பெயின்ட் கூடம். மரத்தச்சரும் வெல்டரும் ஒரே வண்டியின் மேல் ஏறி நிற்பார்கள். பத்துச் சக்கர லாரிகளுக்கு நடுவே ஒரு குட்டி யானை போய் நின்றால் முதலில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காத்திருக்கத்தான் வேண்டும். அப்பனும் மகனும் டீ குடித்துக் காத்திருந்தார்கள்.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நட்டை இறுக்கும் யோசனையை மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் கோபப்படவில்லை. "எந்த ஊரு தம்பி?" என்றார். கொல்லிமலை என்றதும், "அப்ப இறுக்க மாட்டேன். சமவெளியிலயே இறுக்க மாட்டேன்" என்றார்.

அவர் சொன்ன காரணம் இது. பேரிங் தேய்ந்தால் அதன் உருளைகளும் அவை உருளும் தடமும் பொரிந்து போகின்றன. இடைவெளி விழுகிறது; சக்கரம் ஆடுகிறது. நட்டை இறுக்கினால் அந்த இடைவெளி மறைகிறதே தவிர, பொரிந்த தடம் சரியாவதில்லை. இப்போது சொரசொரப்பான உருளை, சொரசொரப்பான தடத்தில், முன்பைவிட அதிக அழுத்தத்தில் உரசுகிறது. சூடு ஏறுகிறது. கிரீஸ் உருகி வெளியேறுகிறது. அப்புறம் உருளைகளைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து சக்கரம் இறுகலாம்; அச்சு நுனியே அறுந்து சக்கரம் தனியாகவும் போகலாம். மலையில் இறங்கும்போது பிரேக் டிரம் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூடும் சேர்ந்து இதே ஹப்புக்குத்தான் வருகிறது. முக்கால் டன் பலாப்பழத்தோடு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம்.

"ஆடுற பேரிங்கு சத்தம் போட்டுச் சொல்லிட்டு இருக்குது. இறுக்குனா வாயைக் கட்டுற மாதிரி" என்றார் மேஸ்திரி.

மகன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தினான். மேஸ்திரி முதலில் செய்த வேலை, உண்மையிலேயே பேரிங்தானா என்று பார்த்தது. வீட்டிலேயே எவரும் செய்யக்கூடிய சோதனை இது. பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஒரு முட்டும் கொடுத்துவிட வேண்டும். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின் அல்லது பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் இடமும் வலமுமாகக் கை வைத்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், ஸ்டியரிங் இணைப்புகளைப் பார்க்க வேண்டும். இந்தச் சின்ன வேறுபாடு தெரியாமல் பேரிங்கை மாற்றிவிட்டு, "இன்னும் ஆடுதே" என்று திரும்பி வந்தவர்கள் அதிகம்.

இவர்களுடைய வண்டியில் பிரேக் மிதித்ததும் ஆட்டம் அடங்கியது. சக்கரத்தைக் கையால் சுற்றி, பட்டையின் மேல் விரல் வைத்தால் மணலைத் தேய்ப்பது போல் ஒரு நடுக்கம். பேரிங்தான்.

"சத்தம் எப்ப இருந்துங்க?" என்று மேஸ்திரி கேட்டார். அப்பன் யோசித்தார். தை மாதம் மிளகு இறக்கும்போதே 'ஊய்ங்' என்று ஒரு இரைச்சல் இருந்தது. டயர் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று மாதம்.

டயர் இரைச்சலுக்கும் பேரிங் இரைச்சலுக்கும் வேறுபாடு உண்டு. டயர் சத்தம் சாலை மாறினால் மாறும். புதுத் தாரில் ஒன்று, பழைய ஜல்லிச் சாலையில் ஒன்று. பேரிங் சத்தம் சாலையைப் பார்க்காது, வேகத்தை மட்டும்தான் பார்க்கும். கியரை நியூட்ரலில் போட்டாலும் போகாது (இந்தச் சோதனையைச் சமதளத்தில்தான் செய்ய வேண்டும், மலையில் நியூட்ரல் என்ற பேச்சே கூடாது). இன்னொன்று, வண்டி வலது பக்கம் வளையும்போது எடை இடது சக்கரங்களின் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் இடது பேரிங் சந்தேகம். இடது பக்கம் வளையும்போது கூடினால் வலது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் என்ஜின் சத்தமே எல்லாவற்றையும் மூடிவிடும். காரவள்ளி தாண்டிச் சேந்தமங்கலம் சாலையில், பாட்டுப் பெட்டியை அணைத்துவிட்டு நாலு கிலோமீட்டர் போனால் கேட்கும்.

தண்ணீரும் சுமையும் சூடும்

ஹப்பைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. உள் பக்கத்து ரப்பர் சீல் கிழிந்திருந்தது. கிரீஸ் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்தால்தான் அந்த நிறம் வரும். உருளைகளில் துருப் புள்ளிகள். கிண்ணம் போன்ற வெளி வளையத்தில், பட்டறைப் பேச்சில் 'கப்', ஒரு பக்கம் மட்டும் தோல் உரிந்திருந்தது. வெளி பேரிங் நீலம் பாய்ந்திருந்தது. அது அதிகச் சூட்டின் அடையாளம்.

மழைக்காலத்தில் தோட்டத்துக்குப் போகும் வழியில் ஓடையில் இறக்கி ஏற்றுவார்கள். ஓடித் திரும்பிய சூட்டோடு ஹப் தண்ணீரில் முங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும். சீல் நன்றாக இருந்தாலே சில சமயம் உள்ளே போகும். கிழிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வாட்டர் சர்வீஸ் கடையில் அழுக்குப் போக வேண்டுமென்று ஹப்பின் மேலேயே அழுத்தக் குழாயைப் பிடிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதன் மேல் பாரம். பதிவுச் சான்றில் முக்கால் டன் என்று இருக்கும் வண்டியில் ஒன்றரை டன் மரவள்ளி ஏறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மரவள்ளிக் கிழங்கு ஈர மண்ணோடு ஏறும்போது கண்ணுக்குத் தெரிவதைவிட எடை கூடுதல்.

சூட்டுக்கு மருந்து ஓட்டுகிற முறையிலேயே இருக்கிறது. மலையில் எந்தக் கியரில் ஏறுகிறதோ அதே கியரில் இறங்க வேண்டும். காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் லைனிங்கும் போகும், டிரம்மும் போகும், கூடவே பேரிங் கிரீஸும் போகும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பதும் விதி. அந்த நின்று போகிற அரை நிமிடம் டிரம்முக்கும் ஓய்வு.

பழைய கட்டை வண்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். தூரத்துப் பயணம் என்றால் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைத் தள்ளி, வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்த வண்டி மையைப் பூசாமல் கிளம்ப மாட்டார்கள். அச்சு கண்ணுக்குத் தெரிந்தது, அதனால் நினைவிலும் இருந்தது. ஹப்புக்கு மூடி போட்ட பிறகு நினைவுக்கும் மூடி போட்டாயிற்று.

மேஸ்திரி பழைய பேரிங்கின் எண்ணைத் துணியால் துடைத்துப் பார்த்து, அதைத் தாளில் எழுதி மகனிடம் கொடுத்தார். எல்லாப் பேரிங்கிலும் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். கடையில் வண்டிப் பெயரைச் சொல்வதைவிட அந்த எண்ணைச் சொன்னால் தப்பு நேராது. போலிப் பேரிங்குகள் சந்தையில் இருக்கின்றன. அட்டைப் பெட்டி அச்சு அசல் மாதிரி இருக்கும். விலை மிகக் குறைவாக இருப்பதும், பில் தரத் தயங்குவதும், பேரிங்கின் மேலுள்ள எழுத்து நகத்தால் சுரண்டினால் மங்குவதும் அறிகுறிகள். பில் இல்லாமல் வாங்கக் கூடாது.

உள், வெளி இரண்டு பேரிங்கும் கப்போடு சேர்த்து மாற்றப்பட்டன. சிலர் கப்பை ஹப்பில் இருந்து எடுப்பது சிரமம் என்று பழையதை விட்டுவிட்டு, உருளைப் பகுதியை மட்டும் புதிதாகப் போடுவார்கள். பழைய தடத்தில் புது உருளை ஓடினால் சில மாதத்தில் அதுவும் பழையதாகிவிடும். மேஸ்திரி பித்தளைக் கம்பியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பழைய கப்பை வெளியே எடுத்தார். இரும்பு உளி பட்டால் ஹப்பில் காயம் விழும். ஹப்பையும் அச்சையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்துக் காயவிட்டார். பழைய கிரீஸோடு புது கிரீஸ் கலக்கக் கூடாது. வகை வேறாக இருந்தால் இரண்டும் சேர்ந்து இளகிவிடும். சக்கரப் பேரிங்குக்கு என்று உள்ள, சூடு தாங்கும் லித்தியம் கிரீஸ்தான் வேண்டும். டிராக்டர் நிப்பிளுக்கு அடிக்கிற மலிவான கிரீஸ் பிரேக் சூட்டுக்கு நிற்காது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு இடையே கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை நிரப்பினார். ஹப் முழுக்க அப்பவில்லை. அளவுக்கு மீறினால் அதுவும் சூடாகி, சீலைத் தள்ளிக்கொண்டு லைனிங் மேல் வழியும்.

கடைசியில் நட்டு. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கினார், லேசாகப் பிடிக்கும் வரை. பிறகு, காட்டர் பின் துளைக்கு நட்டின் காடி நேராக வரும்படி சிறிது தளர்த்தினார். எவ்வளவு தளர்த்துவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆட்டமும் தெரியக் கூடாது. பழைய காட்டர் பின்னை நிமிர்த்தி மறுபடி போடவில்லை, புதியது போட்டார். வலது சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அங்கே பேரிங் நன்றாக இருந்தது, சீல் மட்டும் மாற்றிக் கிரீஸ் போட்டால் போதும் என்றார். இரண்டு பக்கமும் மாற்றச் சொல்லிக் காசு பார்க்க அவருக்கு நல்ல வாய்ப்பு இருந்தது, செய்யவில்லை.

பொருளும் கூலியும் சேர்ந்து ஆன செலவு, ஒரு நடை அன்னாசி விற்ற காசுக்குள் அடங்கிவிட்டது. தை மாதமே சீலை மட்டும் மாற்றியிருந்தால் அதில் கால் பங்குகூட ஆகியிருக்காது என்று மகன் கணக்குப் போட்டான்.

சமவெளி வாசகர்களிடம் டிராக்டர் டிரெய்லர் இருந்தால், அதற்கும் இதே கதைதான். ஆறு மாதம் மழையில் களத்தோரம் நின்ற டிரெய்லர், அறுவடையன்று நேராக மூன்று டன் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. அதன் ஹப்பை யாரும் திறப்பதே இல்லை. சீசனுக்கு ஒரு வாரம் முன்பு தூக்கிச் சுற்றிப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. புது வகைக் கார்களில் பேரிங் முழுதும் மூடிய அலகாக வரும். அதில் கிரீஸ் போட வழியில்லை, பல கார்களில் பிரஸ் இயந்திரத்தில் வைத்துத்தான் மாற்ற வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றும் பட்டறையில் கொடுக்க வேண்டாம்.

மறுநாள் வண்டியை மறுபடி காட்டினார்கள். ஆய்வாளர் அதே சக்கரத்தை அதே மாதிரி ஆட்டினார். அசையவில்லை. பிரேக்கும் பார்த்துவிட்டுச் சான்று கிடைத்தது.

வெறும் வண்டியாக மலை ஏற யாருக்கும் மனம் வராது. போகிற வழியில் ஒரு கோழிப்பண்ணையில் எரு ஏற்றினார்கள், வைகாசியில் மிளகுக்கு வைப்பதற்காக. (பச்சையாகக் கொடியின் தூரில் கொட்டினால் வேர் வெந்துவிடும், நிழலில் குவித்து, ஈரம் காட்டி, கிளறி மட்க வைத்த பிறகே போட வேண்டும்.) பண்ணை ஆள் வழக்கம்போலப் பெட்டி கூம்பும்படி அள்ளிப் போடத் தொடங்கினார். அப்பன் கை காட்டி நிறுத்தினார். மீதியை அடுத்த நடையில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். காரவள்ளியில் வண்டியை ஓரம் கட்டி, மகன் இறங்கி நாலு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். சமதளத்தில் ஓடி வந்த பிறகுதான் இதைப் பார்க்க வேண்டும். மலை இறங்கியதும் தொட்டால் டிரம் சூட்டில் எல்லாமே ஒன்றுபோல் சுடும். முன் சக்கரம் இரண்டும் ஒரே வெதுவெதுப்பில் இருந்தன. 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை பார்க்க வரும்படி மேஸ்திரி சொல்லியிருந்தார். மீட்டரில் ஓடியிருந்த எண்ணோடு 500-ஐக் கூட்டி, வந்த தொகையைச் சாக்பீஸால் கதவின் உள்பக்கம் எழுதி வைத்துவிட்டு, இரண்டாம் கியரில் முதல் வளைவுக்குத் திருப்பினான்.